தோளில் ஒரு வலி, நெஞ்சில் ஒரு வலி

போன தீபாவளி காலையில் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடந்தன. வாசலில் என் அக்கா பையன், ஏழு வயது, மஞ்சள் தொட்டு வைத்த புதுச்சட்டையோடு, சுருள் கேப் போட்ட துப்பாக்கியால் எதிர்வீட்டுத் திண்ணையைச் சுட்டுக்கொண்டிருந்தான். பட் பட் பட்டென்று விடாத சத்தம். தெருவில் போகிறவர்கள் நின்று, இரண்டு கையையும் தூக்கி, "ஐயோ சார், சுட்டுறாதீங்க" என்று நடித்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தே காட்டினார். பையன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அம்மாவைக் காணோமே என்று நான் உள்ளே போனேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில், சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க வெடிப்புகை. விடியற்காலையிலிருந்தே இழுப்பு. நெஞ்சுக்குள் சீட்டியடிப்பது நிலைப்படியில் நின்ற எனக்கே கேட்டது.

"ஏம்மா இங்க வந்து நிக்கிற? ஹால்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து போட வேண்டியதுதானே?"

"சம்பந்தி வீட்டு ஆளுங்க வந்திருக்காங்கடா. பாத்தா என்ன நெனைப்பாங்க."

அதற்கு மேல் பேச அவளிடம் மூச்சு இல்லை. சும்மா சொல்லவில்லை அவள். முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் பையிலிருந்து இதை எடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பெண்மணி, "அத மட்டும் பழகிராதீங்க, அப்புறம் சாகுற வரைக்கும் விடாது" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னார். குடிப்பழக்கம் மாதிரி. அன்றிலிருந்து அம்மாவுக்கு இன்ஹேலர் என்றால் கதவுக்குப் பின்னால்தான்.

வாசலில் துப்பாக்கிக்குக் கைதட்டல், உள்ளே மூச்சுக்கருவிக்கு வெட்கம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தபோது பல வருடங்களுக்கு முன்பு படித்த ஒரு மனிதரின் புலம்பல் நினைவுக்கு வந்தது. ஹிராம் மாக்சிம். தானே இயங்கும் முதல் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர். வயதான காலத்தில் அவர் இருமலுக்கும் மார்ச்சளிக்கும் ஒரு மூச்சிழுப்புக் கருவியும் செய்தார். அதற்காக நண்பர்கள் அவரைக் கடிந்துகொண்டார்கள். கொல்கிற எந்திரத்தைக் கண்டுபிடித்தால் அது மதிப்புக்குரிய காரியம், மனிதர் படும் வேதனையைத் தடுக்கிற கருவியைக் கண்டுபிடித்தால் அது கேவலம், உலகம் அப்படித்தான் பார்க்கிறது போலிருக்கிறது என்று தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் வருத்தப்பட்டு எழுதினார். முதலில் படித்தபோது எவ்வளவு உண்மை என்று தோன்றி, குடும்ப வாட்ஸப் குழுவில்கூடப் போட்டேன். அந்தத் தீபாவளிக்கு அப்புறம்தான் அது உறுத்த ஆரம்பித்தது. சொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் சொன்னவர் யார்? அவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டா? இந்தக் கேள்வி மாதக்கணக்காக என்னை விடவில்லை.

எலிப்பொறியிலிருந்து

மாக்சிமை எனக்கு முதலில் தெரிந்தது போரின் வழியாக அல்ல, ஒரு இயந்திர மூட்டின் வழியாக. அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். டாகிள் என்ற இணைப்பை நடத்தும்போது எங்கள் ஆசிரியர் தன் முழங்காலைக் காட்டித்தான் விளக்கினார். கால் நேராக இருந்தால் எவ்வளவு எடையும் தாங்கும். பின்னாலிருந்து லேசாக ஒரு தட்டு தட்டினால் போதும், மடங்கிவிடும். இதைத் துப்பாக்கிக்குள் வைத்தவர் மாக்சிம் என்று அவர் சொன்னதிலிருந்து அந்தப் பெயர் மனதில் தங்கிவிட்டது. அந்த மூட்டின் அழகை இன்றும் ரசிக்கிறேன். அதையும் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

1840-இல், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், சேங்கர்வில் என்ற காட்டோரச் சிற்றூரில் பிறந்தவர். அப்பா விவசாயி, மரக்கடைசல் வேலையும் தெரிந்தவர். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. 14 வயதில் வண்டி செய்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அவர் செய்தவற்றில் ஒன்று எலிப்பொறி. ஒரு எலி விழுந்ததும் அடுத்த எலிக்குத் தானாகவே தயாராகிக்கொள்ளும் பொறி. அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு யோசனையே திரும்பத் திரும்ப வருவது போல எனக்குத் தெரிகிறது: செய்த வேலையே அடுத்த வேலைக்கான சக்தியைக் கொடுக்க வேண்டும், நடுவில் மனிதக் கை வரக்கூடாது.

அதற்குப் பிறகு மாமா நடத்திய இயந்திரப் பட்டறை. தலைமுடி சுருட்டும் இடுக்கிக்கு 1866-இல் ஒரு காப்புரிமை. எரிவாயு விளக்குக்கான கருவிகள். ஒரு மரச்சாமான் தொழிற்சாலை அடிக்கடி தீப்பிடித்து எரிகிறது என்று இவரிடம் யோசனை கேட்டார்கள். தீப்பிடித்த இடத்தில் மட்டும் தானாகத் தண்ணீர் தெளித்து, தீயணைப்பு நிலையத்துக்கும் செய்தி சொல்லும் ஏற்பாட்டை இவர் வடிவமைத்துக் கொடுத்தார். வேறு யாரும் வாங்கவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு மற்றவர்கள் அதே யோசனையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இந்தச் சம்பவம் அவர் மனதில் என்ன செய்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். உயிர் காக்கிற பொருளைச் செய்து கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடிய அனுபவம் அவருக்கு மூச்சுக்கருவிக்கு வெகு காலம் முன்பே இருந்திருக்கிறது.

அப்புறம் மின்விளக்கு. 1878-இல் நியூயார்க்கில் ஒரு மின்விளக்கு நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். எடிசனோடு நேருக்கு நேர் போட்டி. 1881-இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் எடிசன், ஸ்வான், லேன்-ஃபாக்ஸ், மாக்சிம் ஆகிய நாலு பேரின் விளக்குகளும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. மாக்சிமுக்கு பிரெஞ்சு அரசின் விருதும் கிடைத்தது. ஆனால் உலகம் எடிசன் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. இந்தப் பயணத்துக்காக அவர் அமெரிக்காவில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளில் மூத்தவன் ஹிராம் பெர்சிக்கு அப்போது வயது 12. அப்பா திரும்பி வந்து குடும்பத்தோடு வாழவே இல்லை.

வியன்னாவில் ஒரு பேச்சு

1882-இல் வியன்னாவில் நடந்ததாக மாக்சிமே பின்னாளில் சொன்ன கதை இது. அமெரிக்காவில் பழக்கமான ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்திருக்கிறார். மின்சாரம், ரசாயனம் எல்லாவற்றையும் தூக்கிப் போடு, நிறையப் பணம் வேண்டும் என்றால் இந்த ஐரோப்பியர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் இன்னும் சுலபமாக அறுத்துக்கொள்ள ஏதாவது கண்டுபிடி என்று அந்த ஆள் சொன்னாராம். மாக்சிம் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. லண்டனுக்குப் போய் ஹாட்டன் கார்டன் பகுதியில் ஒரு சின்னப் பட்டறையை வாடகைக்கு எடுத்தார்.

அங்கே அவருக்குக் கைகொடுத்தது ஒரு பழைய தோள்வலி. அமெரிக்காவில் ஒருமுறை ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியால் இலக்கைச் சுட்டுப் பார்த்திருக்கிறார். அதன் பின்னுதை அவர் தோளைக் கன்றிப்போகச் செய்துவிட்டது. குண்டு முன்னால் போக, துப்பாக்கி பின்னால் உதைக்கும். சுடுகிறவர்கள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்ட உதை அது. மாக்சிம் மட்டும்தான், இவ்வளவு சக்தி என் தோளில் வீணாகிறதே, இதையே வேலை வாங்கினால் என்ன என்று கேட்டார்.

அக்கா பையனின் கேப் துப்பாக்கியை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். அவன் விசையை இழுக்கும்போது சுத்தியல் கேப்பை அடிக்கிறது. அதே இழுப்பில் ஒரு சின்ன நெம்புகோல் சுருளை மேலே தள்ளி அடுத்த பொட்டைக் கொண்டுவந்து வைக்கிறது. ஆனால் அங்கே உழைப்பது பையனின் விரல். மாக்சிமுக்கு முன்னால் இருந்த காட்லிங் துப்பாக்கியும் அப்படித்தான், ஒருவர் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாக்சிமுடையதில் குழலும் அதன் பின்னால் இருக்கும் பூட்டும் சேர்ந்து பின்னுதையில் நகர்கின்றன. நேராக நிமிர்ந்து பூட்டியிருந்த அந்த முழங்கால் மூட்டு மடங்குகிறது. குழல் நின்றுவிட, பூட்டு மட்டும் மேலும் பின்னால் போய்க் காலித்தோட்டாவை உருவிப் போடுகிறது, துணிப்பட்டையிலிருந்து புதுத்தோட்டாவை எடுக்கிறது. ஒரு வில்சுருள் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகிறது. மூட்டு நிமிர்கிறது, அடுத்த குண்டு. விசையில் விரல் இருக்கும் வரை, பட்டையில் தோட்டா இருக்கும் வரை, இது நிற்காது. நிமிடத்துக்கு 600 குண்டுகள். குழல் சூடேறி உருகிவிடக் கூடாது என்பதற்காக அதைச் சுற்றி ஒரு தண்ணீர் உறை. விடாமல் சுட்டால் அந்தத் தண்ணீர் கொதித்து ஆவி வரும்.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது கை சற்று நின்றது. ஆவி. அதற்குப் பிறகு வருகிறேன்.

1884-இல் துப்பாக்கி தயார். இளவரசர்களும் தளபதிகளும் அந்தச் சின்னப் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எஃகுத் தொழில் நடத்திய விக்கர்ஸ் குடும்பத்தின் பணத்தோடு நிறுவனம் தொடங்கியது. 1897-இல் அது விக்கர்ஸ், சன்ஸ் அண்ட் மாக்சிம் ஆனது. 1900-இல் மாக்சிம் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார், 1901-இல் சர் பட்டம். தீயணைப்புக் கருவிக்கு வராத வாங்குபவர்கள் இதற்கு எல்லா நாடுகளிலிருந்தும் வந்தார்கள்.

குழலின் மறுமுனையில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் எண்களை அடுக்கினால் எனக்கே அவை மரத்துப்போகின்றன. 1898 செப்டம்பர் 2, சூடானில் ஓம்துர்மான். பீரங்கிகள், சாதாரணத் துப்பாக்கிகள், மாக்சிம்கள் எல்லாம் சேர்ந்து ஒரே காலையில் சூடானியர் 10,000 பேருக்கு மேல் கொன்றன. சுட்ட பக்கமான பிரிட்டிஷ்-எகிப்தியப் படையில் இறந்தவர்கள் 48 பேர். 1904 மார்ச் 31, திபெத்தில் குரு என்ற இடம். திரி கொளுத்திச் சுடும் பழைய துப்பாக்கிகளோடு நின்ற திபெத்தியர்களில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் சில நிமிடங்களில் விழுந்தார்கள். அங்கே பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழே நின்றவர்களில் சீக்கியப் படையினரும் கூர்க்காக்களும் இருந்தார்கள். சண்டை ஓய்ந்தபோது மிச்சமிருந்த திபெத்தியர்கள் ஓடவில்லை, மெதுவாக நடந்தே போனார்கள் என்று அங்கிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நடையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கண்ணாடிக் குழாய்

இதையெல்லாம் தாண்டித்தான் மூச்சுக்கருவிக்கு வர வேண்டியிருக்கிறது. 1900-ஐ ஒட்டி மாக்சிமுக்குக் கடுமையான மார்ச்சளி. லண்டன் குளிர், நிலக்கரிப் புகை, வயது அறுபது. பிரான்சில் நீஸ் வரைக்கும் போய், மருந்தாவியைச் சுவாசிக்க வைக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டார். அங்கே குணம் தெரிந்தது. திரும்பி வந்ததும் அவருடைய மூளை வழக்கமான இடத்துக்குப் போனது: இதை வீட்டிலேயே தனியாகச் செய்துகொள்ள ஏன் ஒரு கருவி இருக்கக் கூடாது? கண்ணாடியில் ஒரு குழாய் செய்தார். வாய்க்குள் போய் வளைந்து, தொண்டையின் உள்பக்கம் வரை மெந்தால் ஆவியைக் கொண்டுசேர்க்கும்படியான வளைவு. இன்னொன்றில் சுடுதண்ணீர் ஊற்றி, பைன் மரத் தைலம் விட்டு, அதன் ஆவியை இழுக்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் 'சமாதானக் குழாய்'.

அந்தக் கண்ணாடிக் கருவியின் படத்தை முதல்முறை பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது எங்கள் வீட்டு ஆவி பிடித்தல்தான். நொச்சி இலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்த சட்டியை முன்னால் வைத்து, நீலகிரித் தைலம் ரெண்டு சொட்டு விட்டு, தலைக்கு மேல் போர்வையை மூடிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். சின்ன வயதில் நானும் அந்தப் போர்வைக்குள் நுழைந்துகொள்வேன். இருட்டு, வேர்வை, கண் எரிச்சல், அம்மாவின் மூச்சுச் சத்தம். மாக்சிம் செய்தது அந்தப் போர்வையை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் அடக்கியதுதான். மெந்தாலும் தைலமும் மூச்சுக் குழலை உண்மையில் விரிப்பதில்லை, திறந்துகொண்டது போன்ற ஒரு குளிர்ச்சியைத்தான் தருகின்றன. ஆனால் இரவு இரண்டு மணிக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் குளிர்ச்சியே எவ்வளவு பெரியது என்பது பக்கத்தில் விழித்திருந்தவர்களுக்குத் தெரியும்.

1909-இல் அந்தக் கருவிக்குக் காப்புரிமையும் பெற்றார். அது லட்சக்கணக்கில் விற்றது. அப்போதுதான் அந்தக் கண்டனங்கள். இப்படி மருந்துக் கருவி விற்று உன் பேரையே கெடுத்துக்கொண்டாயே என்றார்கள் நண்பர்கள். இவ்வளவு பெரிய மனிதர் போலி வைத்தியர்களின் மட்டத்துக்கு இறங்கிவிட்டாரே என்று ஒரு விஞ்ஞானி வருத்தப்பட்டார். அதற்குப் பதிலாகத்தான் மாக்சிம் அந்தப் புலம்பலை எழுதினார். 1915-இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் புத்தகம் வெளியானது.

நான் எங்கே நின்றேன்

இங்கேதான் நான் பல மாதம் சிக்கிக்கொண்டேன். ஒரு நாள் அவர் பக்கம் சாய்வேன். அவர் சொன்னது அப்படியே என் வீட்டில் நடக்கிறதே, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அம்மா நிற்கிறாளே. மறுநாள் கோபம் வரும். ஓம்துர்மானுக்கு அப்புறம் பத்துப் பதினைந்து வருடம் கழித்து, தன் பெயருக்கு வந்த குறைச்சலைப் பற்றி மட்டும் ஒருவர் எப்படி வருத்தப்பட முடிகிறது? அந்த வரிகளை மறுபடி மறுபடி படித்தேன். துப்பாக்கி செய்ததற்காக அவர் வருந்தவே இல்லை. அது தனக்குக் கொடுத்த மதிப்பை இது கொடுக்கவில்லையே என்பதுதான் அவருடைய குறை.

ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, ஜன்னல் கம்பியில் தோள் இடித்து வலித்தது. அப்போதுதான் எனக்கு அது பிடிபட்டது. அவருடைய துப்பாக்கி அவருடைய தோள்வலியில் பிறந்தது. அவருடைய மூச்சுக்கருவி அவருடைய நெஞ்சுச் சளியில் பிறந்தது. இரண்டுமே அவர் உடம்பில் அவரே பட்ட வலிகள். தன் உடம்பில் ஒரு வலி வந்தால் அதை உற்றுக் கவனித்து, அதற்குள் இருக்கும் கணக்கைப் படித்து, உலோகத்திலோ கண்ணாடியிலோ ஒரு விடை செய்துவிடும் அபாரமான திறமை அவருக்கு இருந்தது. வேறு யாரும் பொறுத்துக்கொண்டு போகிற இடத்தில் அவர் நின்று யோசித்தார். ஆனால் அந்தத் திறமை அவருடைய தோலுக்கு வெளியே வரவில்லை. துப்பாக்கியின் பின்முனையில் இருந்த தோளை அவர் காப்பாற்றிவிட்டார். முன்முனையில் நின்றவர்களின் உடம்பு அவர் கணக்குக்குள் வரவே இல்லை.

இதை நான் சும்மா கற்பனை செய்கிறேனா என்று சோதிக்க அவருடைய மற்றக் கதைகளையும் திரும்பப் பார்த்தேன். துப்பாக்கிச் சோதனைகள் கடைசியில் அவருடைய காதையே பறித்துவிட்டன. முதுமையில் ஏறத்தாழ முழுச் செவிடர். லண்டனில் வீட்டுத் தோட்டத்தில் சுட்டுப் பார்க்கும்போது, ஜன்னல் கண்ணாடி உடையாமல் இருக்கத் திறந்து வையுங்கள் என்று அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு கொடுப்பாராம். அவர்களுடைய கண்ணாடியைப் பற்றி யோசித்தார், அவர்களுடைய காதைப் பற்றி அல்ல. துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் கருவியைச் செய்தது அவர் அல்ல, அமெரிக்காவில் அவர் விட்டுவிட்டு வந்த மகன் ஹிராம் பெர்சி. 1909-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினான். அதே முறையை மோட்டார் இயந்திரங்களின் இரைச்சலைக் குறைக்கவும் கொண்டுபோனான். பிறகு 1914-இல் அமெரிக்க அமெச்சூர் ரேடியோக்காரர்களின் சங்கத்தைத் தொடங்கி வைத்ததும் அந்த மகன்தான். தூரத்தில் இருக்கும் ஒருவர் குரல் தன் காதில் விழ வேண்டும் என்று ஏங்கிய கூட்டம் அது. அப்பாவிடமிருந்து பன்னிரண்டு வயதில் பிரிந்த பிள்ளை அதைச் செய்ததை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

பறப்பதற்காக அவர் செய்த எந்திரத்தையும் சொல்ல வேண்டும், அது எனக்கு மிகவும் பிடித்த மாக்சிம். 1894 ஜூலை 31, கென்ட்டில் பால்ட்வின்ஸ் பார்க். மூன்றரை டன் எடை, 104 அடி இறக்கை, இரண்டு நீராவி எந்திரங்கள், மூன்று பேர். தண்டவாளத்தின் மேல் ஓடவிட்டு, மேலே கிளம்பிவிடாமல் மரச் சட்டங்களால் தடுத்து வைத்திருந்தார். அது சட்டத்தை முறித்துக்கொண்டு எழும்பியது. உடனே நீராவியை நிறுத்தினார். ரைட் சகோதரர்களுக்கு ஒன்பது வருடம் முன்பு ஒரு பெரிய எந்திரம் ஒரு கணம் பூமியை விட்டுக் கிளம்பியது. செலவுக்கு வழி தேடி 1904-இல் அவர் செய்த சுழலும் ராட்டினம் ஒன்று பிளாக்பூல் கடற்கரைப் பொழுதுபோக்குப் பூங்காவில் இன்றும் ஓடுகிறது. பிள்ளைகள் அதில் ஏறிக் கத்துகிறார்கள். இந்த மனிதர் கொடூரர் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் நதிக்கரையில் ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் செத்தார்கள். எதிரே ஜெர்மானியர்களிடம் இருந்த இயந்திரத் துப்பாக்கி மாக்சிமின் அதே வடிவம். இந்தப் பக்கம் பிரிட்டிஷாரிடம் இருந்த விக்கர்ஸ் துப்பாக்கியும் அதே வம்சம். அந்தச் சோம் சண்டை நவம்பர் 18-இல் ஓய்ந்தது. நவம்பர் 24-இல் மாக்சிம் லண்டனில் இறந்தார். வயது 76.

ஒரு பெண் குழந்தை கேட்டது

அம்மா கையில் இருக்கும் இன்ஹேலரின் வம்சம் மாக்சிமிடம் போகவில்லை. அதைத் தேடிப் போனபோது எனக்கு வேறு ஒரு கதை கிடைத்தது. 1955-இல் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத் தலைவரின் மகளுக்கு ஆஸ்துமா. வயது 13. அப்போது மருந்தைக் கண்ணாடிக் கருவியில் ஊற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கித்தான் இழுக்க வேண்டும். உடையும், சிந்தும், அளவு தெரியாது. அந்தப் பெண், தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி இந்த மருந்தும் ஏன் ஒரு டப்பாவில் வரக் கூடாது என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா அதைக் காதில் வாங்கிக்கொண்டார். தன் ஆய்வகத்தில் சொல்ல, வாசனைத் திரவியத்துக்காகச் செய்திருந்த அளவு வால்வை எடுத்துப் பொருத்திப் பார்த்தார்கள். 1956-இல் அழுத்தினால் அளவாகத் தெளிக்கும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. மூச்சுக் குழலை விரிக்கும் சால்பியூட்டமால் 1969-இல் வந்தது.

நெஞ்சு மருத்துவர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இது. சால்பியூட்டமால் மாத்திரையாகப் போட்டால் 4 மில்லிகிராம். ஒரு பஃப்பில் வருவது 100 மைக்ரோகிராம், நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, அப்புறம்தான் நுரையீரலுக்கு வரும். பஃப் நேராக வேண்டிய இடத்துக்கே போகிறது. ஆக, ஊர் பயப்படுகிற கருவிதான் மருந்தைக் குறைத்துக் கொடுக்கிறது. இதை அந்தக் கல்யாண மண்டபத்திலேயே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அம்மா வெட்கப்பட்டாள் என்றால் அந்த வெட்கத்தை நானும் கூட நின்று காத்திருக்கிறேன். வாசலில் பையன் சுட்டபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மாக்சிமின் புலம்பலை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்ற என் கேள்விக்கு இன்றும் ஒரே வரியில் பதில் இல்லை. அவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அவரை அதற்குச் சாட்சியாக வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. வேதனையைத் தடுக்கும் கருவிக்கு உலகம் தருகிற மதிப்பைப் பற்றிப் பேசும் தகுதி என் அம்மாவுக்கு இருக்கிறது. கதவுக்குப் பின்னால் நின்றது அவள்தான்.

பொங்கலுக்கு அக்கா குடும்பம் மறுபடி வந்திருந்தது. போகி அன்று காலையில் தெருவில் பழசு எரித்த புகை. அம்மாவுக்கு மறுபடி இழுப்பு. நான் ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்பேசரில், அதாவது மருந்தை நிறுத்தி இழுக்க உதவும் குழாயில், இன்ஹேலரைப் பொருத்திக் கையில் கொடுத்தேன். அவள் ஒரு முறை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. அவளைப் பேச்சில் வைத்திருக்க, செல்போனில் அந்தக் கண்ணாடிக் குழாயின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுவும் நம்ம ஆவி பிடிக்கிற மாதிரிதானே?"

"ஆமாம்மா. ரொம்பப் பெரிய துப்பாக்கி செஞ்சவரு. அவருக்கும் நெஞ்சுச் சளி."

"பாவம். அவருக்குச் சரியாச்சா?"

துப்பாக்கியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் குணம் தெரிந்ததாக எழுதியிருக்கிறார் என்றேன். அதற்குள் அக்கா பையன் ஓடி வந்து, "அம்மாச்சி, இது எதுக்கு?" என்று ஸ்பேசரைத் தொட்டுப் பார்த்தான். மருந்தை இழுத்ததும் பத்து எண்ணுகிற வரைக்கும் மூச்சை உள்ளேயே வைத்திருக்க வேண்டும், நீதான் எண்ணணும் என்றேன். அவன் அவள் மடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொன்றாக எண்ணினான். ஏழு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மாச்சி, சிரிக்கக் கூடாது, மறுபடி மொதல்லருந்து" என்று அதட்டிவிட்டு, ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.